தங்கச்சி மாப்பிள்ளையை அடிக்க ஒரு மலிவான வகுப்பு

நான் சண்டை பழகப் போனது ஒரு ஆளை அடிப்பதற்காக. பெல்ட் கட்டும் ஆசையோ உடம்பைக் குறைக்கும் எண்ணமோ எனக்கு இருக்கவில்லை. அந்த ஆள் என் தங்கச்சியின் மாப்பிள்ளை. அவனை அடிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். வீடு பெண்ணின் பேரில் இருக்கும். வாப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்ததெல்லாம் இரண்டு வீடாக நிற்கிறது. எனக்கொன்று, தங்கச்சிக்கொன்று. ஒரே வளவு, நடுவில் மதில், மதிலில் ஒரு ஆள் புகுந்து போகும் அளவுக்கு ஒரு திறப்பு. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள். என் மாப்பிள்ளை, என்னைக் கட்டியவர், கத்தாரில் லொறி ஓட்டுகிறார், நான் வீட்டில் ஹபாயா தைக்கிறேன். என் தையல் அறையின் யன்னலும் தங்கச்சியின் படுக்கையறை யன்னலும் நேருக்கு நேர். அதனால் கல்யாணம் முடித்த நாள் தொட்டு அவள் வாங்கிய அடியை எல்லாம் நான் காதால் வாங்கியிருக்கிறேன்.

அடிக்குப் பல சத்தம் உண்டு. கன்னத்தில் விழும் அறை சுள்ளென்று கேட்கும், அது பெரிதாக எதையும் உடைக்காது. முதுகில் விழும் குத்து சத்தமே இல்லாதது, பிறகு வரும் இருமலை வைத்துத்தான் தெரியும். மண்டை அலுமாரியில் மோதினால் உள்ளே தொங்கும் சட்டைக் கம்பிகள் எல்லாம் கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். அவள் மட்டும் ஒரு நாளும் கத்தியதில்லை. எனக்கு அவன் மீது வந்த கோபத்தில் பாதி, சில நாட்களில், அவள் மீதும் வந்தது. கத்தித் தொலையேன்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

அவன் சம்மாந்துறைக்காரன். கல்முனையில் ஃபோன் கடை வைத்திருக்கிறான். மெலிந்த ஆள், மெல்லப் பேசுவான், அத்தர் மணக்கும். என்னைக் கண்டால், "மதினி, சுகமா இரிக்கிங்களா?" என்று கேட்காமல் தாண்டிப் போகமாட்டான். அவனுடைய கடைக்குப் போகிறவர்களிடம் கேட்டால் தங்கமான பொடியன் என்பார்கள். அடிக்கத் தொடங்குமுன் டீவியின் சத்தத்தைக் கூட்டுவான். குழந்தை இல்லை என்று ஒரு நாள் அடிப்பான், தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று ஒரு நாள் அடிப்பான். காரணம் கிடைக்காத நாளில் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று அடிப்பான்.

ஒரு நாள் பின்னேரம் அலுமாரி கிலுங்கிய சத்தம் கேட்டுப் பொறுக்க ஏலாமல் திறப்பால் புகுந்து ஓடினேன். அவன் சமைக்கிற குசினி வாசலில் அவளுடைய தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். நான் கத்திக்கொண்டு அவனுடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்தேன். அவன் முடியை விடாமல், மற்றக் கையால் என் நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினான். நான் அவனை விட இரண்டு மடங்கு நிறை. பின்னுக்குப் போய், தண்ணீர்க் குழாயடியின் சீமெந்துத் திட்டில் இடுப்பு அடிபட, குந்தி விழுந்தேன். அவன் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "பாத்து மதினி, வழுக்கும்," என்றான். தள்ளியதை நான் மறந்திருப்பேன். தூக்கிவிட்டதை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை. அன்றிரவு முழுக்க அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக முறித்தேன், மனதுக்குள்.

பொலிசுக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். தங்கச்சி ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. கம்பியைப் பிடித்த கையை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, ஓட்டோக்காரனுக்குத் திரும்பி வரும் காசையும் கொடுத்து வந்தோம். பள்ளிவாசலில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் அங்கே அழுதான், உண்மையாகவே அழுதான், எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது. வரும்போது கொத்துரொட்டி வாங்கி வந்தான். எனக்கும் ஒரு பார்சல். நான் அதைப் பூனைக்குப் போட்டேன். அந்த வாரமே அலுமாரி மறுபடி கிலுங்கியது.

அதற்குப் பிறகுதான் ஃபோனை எடுத்து வகுப்புத் தேடத் தொடங்கினேன்.

முதலில் கல்முனை டவுனில், ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் நடந்த கராத்தே வகுப்பு. சுவர் முழுக்கக் கோப்பைகள், கொடிகள், மாஸ்டர் யாரோ ஒரு மந்திரிக்குக் கைகொடுக்கும் படம். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். "எவ்வளவு நாளில ஒரு ஆம்பிளய விழுத்தலாம்?" என்று கேட்டேன். மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "சகோதரி, இது ஒழுக்கம். வன்முறை இல்ல," என்றார். ஒழுக்கத்துக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். பிறகு விலைக்கு வந்தார். சேருவதற்கு ஒரு காசு, உடுப்புக்கு ஒன்று, பெல்ட்டுக்கு ஒன்று, பெல்ட்டின் நிறம் மாறும்போதெல்லாம் சோதனைக்கு ஒன்று, கொழும்பில் போட்டிக்கு ஒன்று. நானும் வியாபாரம் செய்கிற ஆள். ஹபாயாவுக்கு ஒரு விலையைச் சொல்லி, சால்வை வேறு, கல் வேலை வேறு என்று பிறகு ஏற்றுகிற வித்தை எனக்கும் தெரியும். அந்தக் கணக்கில் கறுப்புப் பெல்ட் கட்டி முடிக்கும்போது தங்கச்சிக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும், உயிரோடு இருந்தால்.

அடுத்தது ஒரு ஜிம். பெண்களுக்கென்று தனி நேரம், ஏசி, நான்கு பக்கமும் கண்ணாடி. கிக்பொக்சிங் என்று போட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரிய டீவியில் ஒரு வெள்ளைக்காரி காற்றைக் குத்துகிறாள், அவளைப் பார்த்து எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் காற்றைக் குத்துகிறார்கள். "ஆரும் திருப்பி அடிக்கமாட்டாங்களா?" என்று அங்கிருந்த பெண்பிள்ளையிடம் கேட்டேன். "இல்ல ராத்தா, பயப்படாதீங்க, சேஃப்," என்றாள். திருப்பி அடிக்காத காற்று எனக்கு வீட்டிலேயே இருந்தது. காற்றைக் குத்த ஏன் காசு?

பிறகு ஒரு மண்டபத்தில் நடந்த இலவசப் பயிற்சி, ஒரே நாள். பேச வந்த பெண் சாவியை விரலிடுக்கில் எப்படிப் பிடிப்பது, எப்படிக் கூச்சல் போடுவது என்று காட்டினாள். ஆபத்து வந்தால் உடனே உங்கள் வீட்டை நோக்கி ஓடுங்கள் என்றாள். நான் கையைத் தூக்கி, "ஆபத்து ஊட்டுக்குள்ள சோறு தின்டுகொண்டு இருந்தா எங்க ஓடுற?" என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. அவள் சாவியை மற்றக் கைக்கு மாற்றி, கூச்சல் போடுவதை மறுபடி காட்டினாள். மத்தியானச் சோத்துப் பார்சல் மட்டும் குறை சொல்ல ஏலாதபடி இருந்தது.

நான்காவது வகுப்பு என்னைத் தேடி வந்தது. ஒரு தமிழ்ப் பெண், எங்கள் முஸ்லிம் ஆட்களில் இல்லாதவர், என் வயதுதான் இருக்கும், தோளில் கிழிந்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தார். சாக்கு மாதிரித் தடித்த துணி. மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தும் கிழிந்திருந்தது. கழுத்துப்பட்டியில் கழுவியும் போகாத ரத்தம். ஹபாயா கிழிந்து வந்தால் ஆணியில் கொளுவியதா, சைக்கிள் சங்கிலியில் சிக்கியதா என்று பார்த்ததும் சொல்வேன். இது மனிதக் கை கிழித்தது. எப்படிக் கிழிந்தது என்று கேட்டேன். "பழக்கிக்கொண்டிருக்கைக்க ஒரு புள்ள இழுத்திட்டு," என்றார். அந்தப் பிள்ளையை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

கல்முனையில் தமிழ் ஆட்கள் இருக்கும் பக்கம், தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்றில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். சேரும் காசு இல்லை, உடுப்பு வேண்டாம், பழைய சல்வார் போதும். மாதக் காசு இரண்டு ஹபாயா தைக்கும் கூலிக்கும் குறைவு, சட்டைகள் கிழிந்தால் நான் தைத்துக் கொடுத்தால் அதுவும் பாதி. "முதல்ல வந்து ஒரு நாள் இருந்து பாருங்க. புடிச்சாச் சேருங்க," என்றார். மற்ற மூன்று இடத்திலும் ஒருவரும் வந்து பார் என்று சொல்லவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் யாரும் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஒரு வகுப்பை முழுதாகப் பார்க்கவிடாத இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள்.

நான் பார்த்தேன். தகரத்தின் சூட்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் மூக்கு உடைந்தது. அவள் பஞ்சை வைத்துக்கொண்டு திரும்பவும் வந்தாள். மூலையில் உமி அடைத்த சாக்குகள் தொங்கின, குத்துவதற்கு. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

தொடங்குமுன் ஒருவருக்கொருவர் குனிய வேண்டும். நான் படைத்தவனைத் தவிர யாருக்கும் குனியமாட்டேன் என்றேன். "சரி, நெஞ்சில கைய வைங்க," என்றார் மிஸ். அத்தோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. அதற்குப் பிறகுதான் என் பொறுமைக்குச் சோதனை. வாரக்கணக்காக விழுவதற்கே பழக்கினார். முன்னால் விழு, பின்னால் விழு, பக்கவாட்டில் விழு. "மிஸ், விழ எனக்கு ஏற்கனவே தெரியும், விழுத்தத்தான் வந்த நான்," என்றேன். "தெரிஞ்சா இடுப்ப ஏன் புடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க?" என்றார்.

அங்கே பெரிய சட்டம் ஒன்றுதான். பிடி இறுகி வலித்தால், பிடிபட்டவள் கையால் பாயில் தட்ட வேண்டும். தட்டின அந்த நொடியே மற்றவள் விட வேண்டும். ஏன், எதற்கு, இன்னும் கொஞ்சம் என்பதெல்லாம் கிடையாது. எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. நான் அடிக்கப் போகிற ஆள் தட்டினாலும் நான் விடப்போவதில்லை, பிறகு ஏன் அதைப் பழக வேண்டும் என்று நினைத்தேன்.

உமிச் சாக்குத்தான் எனக்குப் பிடித்தது. அதற்கு அவனுடைய முகத்தைப் போட்டுக் குத்தினேன். மூக்கு, தாடை, அத்தர் பூசிய காது. விரல் மொழிகளில் தோல் உரிந்து சாக்கில் ரத்தம் ஒட்டியது. ஒரு நாள் தையல் விட்டுப்போய் உமி கொட்டியது, நான் நிறுத்தவில்லை, கொட்டக் கொட்டக் குத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு. இன்னொரு நாள் ஒரு சின்னப் பெண்ணின் கழுத்தைப் பிடித்திருந்தேன். அவள் பாயில் தட்டினாள். நான் விடப் பிந்திவிட்டேன். மிஸ் வந்து என் இரண்டு கையையும் பிரித்தெடுத்து, என்னைச் சுவரோரம் கதிரையில் இருத்தினார். "உங்கட கையில ஆரோ ஒராள் மாட்டியிரிக்கார். அந்தப் புள்ள இல்ல அது," என்றார். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கதிரையில் குந்திக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு தங்கச்சியையும் கூட்டிப் போனேன். ஹபாயா கொடுக்கப் போகிறோம், கூலியில் அவளுக்கும் பங்கு என்று அவனிடம் சொன்னேன். காசு என்றதும் தலையாட்டினான். அவள் வர மறுத்தாள். ஏசினேன், கெஞ்சினேன், கடைசியில் துணிப் பையை அவளுடைய கையில் திணித்து ஓட்டோவுக்குள் தள்ளினேன். அவள் யாரிடமும் இப்படித்தான், தள்ளினால்தான் போவாள்.

மிஸ் அவளைப் பாயின் நடுவில் நிறுத்தினார். எப்படித் தடுப்பது என்று காட்டுவதற்காகத் தன் வலது கையை ஓங்கினார். தங்கச்சி தடுக்கவில்லை, விலகவும் இல்லை. நிதானமாகக் காதில் இருந்த இரண்டு தோட்டையும் கழற்றினாள். அவற்றைத் தன் பைக்குள் போட்டாள். பிறகு போய்க் கொட்டிலின் பலகை யன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து, இருந்த இடத்தில், கைகளைக் கீழே விட்டுக்கொண்டு, கன்னத்தைக் காட்டி நின்றாள்.

ஓங்கின கையை மிஸ் மெல்லக் கீழே இறக்கினார். "யன்னலத் திற புள்ள. இஞ்ச காத்து வேணும்," என்றார். நான் கொட்டிலுக்குப் பின்னால் போய்த் தென்னை மரத்தில் கையைக் குத்தினேன். ரத்தம் வரும்வரை குத்தினேன். அவள் வாங்கிய அடியைக் கேட்டவள் நான், பார்த்தவளும் நான். ஆனால் அவன் அடிக்குமுன் அவள் தோட்டைக் கழற்றுவாள், யன்னலைச் சாத்துவதும் அவள்தான் என்று எனக்குத் தெரியாது. சாத்திய யன்னல் வழியாகத்தான் நான் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளும் நானும் சோடி. நான் அவளுடைய மணிக்கட்டை முறுக்கிப் பிடிக்க வேண்டும், வலித்தால் அவள் தட்ட வேண்டும். நான் முறுக்கினேன். அவள் தட்டவில்லை. இன்னும் முறுக்கினேன். உள்ளே எலும்பு நெறிபடுவது என் விரலுக்குத் தெரிந்தது. அவளுடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "தட்டு!" என்று மிஸ் கத்தினார். "தட்டுடி!" என்று நானும் கத்தினேன். நான்தான் பயந்து கையை விட்டேன்.

இப்படிப் பல வகுப்புப் போனது. ஒரு நாள், மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய மற்றக் கை பாயில் மெல்லப் பட்டது. தட்டினாளா, தவறிப் பட்டதா என்றுகூடத் தெரியவில்லை. நான் உடனே விட்டேன். அவள் எழும்பியிருந்து தன் கையைப் பார்த்தாள், என்னுடைய கையைப் பார்த்தாள். "இன்னொருக்காப் புடி," என்றாள். பிடித்தேன். தட்டினாள். விட்டேன். அன்றைக்கு அந்த விளையாட்டை விட மனமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். வரும்போது ஓட்டோவுக்குள், "தட்டினா நிப்பாட்டுறாங்க, ராத்தா," என்றாள். ஏதோ கடையில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பது மாதிரிச் சொன்னாள். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மெல்ல மெல்லக் குத்தவும் பழகினாள். என்னை மாதிரி வெறியில் குத்தமாட்டாள். சாக்கின் முன்னால் நின்று, இடுப்பில் இருந்து, மிஸ் சொன்ன மாதிரியே, பிழையில்லாமல் ஒரு குத்து. பிறகு நின்று யோசிப்பாள். பிறகு இன்னொன்று. எனக்கு எரிச்சல் வரும். "அவன்ட மூஞ்ச நினைச்சிக் குத்தன்டி," என்பேன். "நான் ஒண்டையும் நினைக்கல்ல. எனக்குப் பழகணும், அவ்வளவுதான்," என்பாள்.

யாரோ ஒருவர் அவனுடைய கடையில் ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தபோது, உங்களுடைய மனிசியும் மதினியும் தமிழ் ஆட்களின் பக்கத்தில் சண்டை பழகுகிறார்களாமே என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். நான் ஒரு மணப்பெண்ணின் ஹபாயாவுக்குத் துணி அளந்துகொண்டிருந்தேன். டீவியின் சத்தம் கூடியது. அலுமாரி கிலுங்கியது. பிறகு, நான் ஒரு நாளும் கேட்காத ஒன்று கேட்டது. தங்கச்சியின் குரல். "விடுங்க!" என்றாள். "போதும், விடுங்க!"

அவன் விடவில்லை. சத்தம் தொடர்ந்தது.

துணி அளக்கும் மரக்கோல் கையில் இருந்தது. அதோடு திறப்பால் புகுந்து ஓடினேன். அவளைச் சுவரோடு சாய்த்து வயிற்றில் முழங்காலால் இடித்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையாலும் தடுத்துக்கொண்டிருந்தாள், பழகின மாதிரியே தடுத்தாள், பாதி இடி அவளில் படவில்லை. அதைப் பார்க்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. கோலை அவனுடைய காதோடு சேர்த்து இறக்கினேன். அவன் திரும்பினான். கழுத்தில் ஒன்று, தோள் எலும்பில் ஒன்று. தோளில் கோல் முறிந்தது. முறிந்த துண்டால் வாயில் குத்தினேன். மிஸ் சொல்லித்தந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நிற்கும் முறை, மூச்சு, ஒன்றும் இல்லை. என் நிறை முழுவதையும் அவன்மேல் போட்டு விழுத்தினேன். நெஞ்சில் ஏறிக் குந்தினேன்.

பிறகு குத்தினேன். மூக்கு உடைந்தது தெரிந்தது, பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவனுடைய ரத்தம் என் கைக்குச் சூடாக இருந்தது. அத்தர் மணமும் ரத்த மணமும் சேர்ந்து வந்தது. எனக்கு நன்றாக இருந்தது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இவ்வளவு காலமும் காதால் வாங்கியதை எல்லாம் கையால் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இருந்தது. "மதினி, மதினி," என்று அவன் ஏதோ சொன்னான், வாய் நிறைய ரத்தம். அவனுடைய வலது கை தரையில் அடித்தது. சீமெந்தில் படார் படார் என்று அடித்தது. அவனுக்கு எங்கள் வகுப்பின் சட்டம் தெரியாது, சும்மா அடித்துக்கொண்டான். எனக்குத் தெரியும். கேட்டது. நான் நிறுத்தவில்லை.

அப்போதுதான் என் வாயில் ஒரு குத்து விழுந்தது.

எங்கிருந்து வந்தது என்று முதலில் விளங்கவில்லை. அவனுடைய இரண்டு கையும் கீழே கிடந்தன. பின்னால் சாய்ந்து விழுந்தேன். கீழுதடு பல்லில் வெட்டுப்பட்டு நாக்கில் உப்புக் கரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். தங்கச்சி நின்றாள். முடி அவிழ்ந்து, நெற்றி வீங்கி, ஒரு காது ரத்தத்தோடு. வலது கை முட்டி இன்னும் மடக்கியபடி முன்னால் நின்றது.

"என்ட ஊட்டுக்குள்ள ஆரும் ஆரையும் அடிக்கப்படா," என்றாள்.

"நான் உனக்காகத்தானேடி..." என்று தொடங்கினேன்.

"அவர் தரையில அடிச்ச உனக்குக் கேக்கல்லயா? எனக்குக் கேட்டிச்சி. ரெண்டு பேரும் எழும்புங்க," என்றாள். அவள் கத்தவே இல்லை. போய் டீவியை நிறுத்தினாள். அறைக்குள் போய் அவனுடைய சாரன், சேட், ஃபோன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அள்ளிப் போட்டு வந்து முன்வாசலில் வைத்தாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நான் எங்க போற?" என்று கேட்டான். "வந்த இடத்துக்கு," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் போ, ராத்தா." நான் திறப்பின் பக்கம் திரும்பினேன். "அதால இல்ல. முன்வாசலால போ. இனி வரக்குள்ளயும் முன்வாசலால வந்து கூப்பிட்டுப் போட்டு வா."

கதவு எங்கள் இருவருக்கும் பின்னால் பூட்டுப்பட்டது. அவனும் நானும் வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் நின்றோம், இரண்டு பேருக்கும் வாயில் ரத்தம். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் அவன் மீதுகூட வந்ததில்லை. யாருக்காக அடித்தேன் நான்? அவன் செருப்பில்லாத தன் காலைப் பார்த்தான். பிறகு, "மதினி, நீங்க ஒரு சொல்லுச் சொன்னாத் திறப்பா," என்றான். உண்மையிலேயே கேட்டான். நான் அவனைப் பார்த்தேன். கை முட்டியாக மடங்கவில்லை. "அவ ஊடு," என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அது எனக்கே விளங்கியது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பிரதான வீதியின் பக்கம் நடந்தான்.

பள்ளிவாசலில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அவள் கதவைத் திறந்து, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அவர் இனி இங்கே வரமாட்டார் என்று சொல்லி அனுப்பினாள். ஆம்பிளை இல்லாத வீடு என்று ஒருவர் இழுத்தாராம். இவ்வளவு காலமும் ஆம்பிளை இருந்த வீடுதான் என்று சொன்னாளாம். கல்யாண வழக்குப் பார்க்கும் காழியிடம் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள், அது இன்னும் இழுபடுகிறது. என்னோடு மட்டும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் முன்வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். "வேலயா இரிக்கன்," என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

அடுத்த வகுப்புக்கு நான் தனியாக ஓட்டோவில் போனேன். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னமே வந்து பாயைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் என் உதட்டைப் பார்த்தார். அது நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

"வாய்க்கு என்ன?" என்று கேட்டார்.

கொட்டில் நிறையப் பெண்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "குளியலறைக்குள்ள வழுக்கிட்டு, மிஸ்," என்றேன்.

"பொய்," என்றாள் தங்கச்சி. விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு நேரே நடுவுக்கு வந்தாள். "நான்தான் அடிச்சன்."

மிஸ் அவளுடைய வலது கையை வாங்கி, வீங்கியிருந்த விரல் மொழிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "எப்படிக் குத்தின? காட்டு பாப்பம்," என்றார். அவள் உமிச் சாக்கின் முன்னால் போய் நின்று, காலை வைத்து, குத்திக் காட்டினாள். மிஸ் அவளுடைய முழங்கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் திருத்தினார்.

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அந்தக் குத்தில் திருத்த ஒன்றும் இல்லை.